குழாயில் இறங்கிய கரண்ட்

பிள்ளைகளா, அந்த மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக் குழாயைத் தொட்டால் விரல் சுள்ளென்றது. எனக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. மர்பி டவுனில் ஒரு சந்து வீட்டில், ஓனரம்மா கீழே இருக்க, நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். "எங்க வீட்டுத் தண்ணி கடிக்கும்டா" என்று பள்ளியில் பெருமைகூடப் பேசியிருக்கிறேன். தவழ்ந்துகொண்டிருந்த என் தங்கை அந்தக் குழாயைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்த அன்றுதான் அம்மா நடுங்கிப்போய்த் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மாமா ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடியில் எலக்ட்ரீஷியன். வாடகை வீடு என்றாலே அவருக்கு எரிச்சல். யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போனதைத் தோண்டுவதிலேயே தன் காலம் போகிறது என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். டெஸ்டரைக் குழாயில் வைத்ததும் அதன் குட்டி விளக்கு எரிந்தது. நேராகப் போய் பியூஸைப் பிடுங்கினார். இருட்டில் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, டார்ச் பிடிக்க, மாமா சுவிட்ச் போர்டைக் கழற்றினார்.

"எவன் பார்த்த வேலை இது? டேப்புக்குப் பதிலா ஏதோ துணியச் சுத்தி உள்ள தள்ளியிருக்கான். ஈரச் செவுத்துல கரண்ட் இறங்காம என்ன செய்யும்? வாடகைக்கு இருக்கறவன் உயிருன்னா அவ்ளோ இளக்காரமா? இவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

"அண்ணா, மெதுவா. கீழ கேக்கப் போவுது," என்றாள் அம்மா.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஓனரம்மாவின் சட்டம். போர்டில் பொறி பறக்கிறது என்று அப்பா போய்ச் சொன்னபோதெல்லாம், "அடுத்த மாசம் ஆள் அனுப்பறேன்" என்பார். பிறகு பொறி பறப்பது தானாகவே நின்றுவிட்டது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். கைக்குழந்தை இருக்கிறது என்றாலே வீடு தர யோசிப்பார்கள். இதை விட்டால் எங்கே போவது?

கேட்டே விட்டது. மூச்சு வாங்க மாடியேறி வந்தார் ஓனரம்மா. கோபத்தில் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

"ஏன்ரீ இது கலாட்டா? யாரைக் கேட்டு என் போர்டைக் கழட்டினே?"

"நீங்க அனுப்பின ஆளு கிழிச்ச கிழிப்பத்தான் பாக்கறேன். வந்து நீங்களே பாருங்க."

"நானா? நான் யாரையும் அனுப்பவே இல்லியேப்பா." அவர் பார்வை எங்கள் ஒவ்வொருவர் மேலும் ஊர்ந்தது. "இங்க யாரு கை வெச்சது? வெச்சிருந்தா இந்த மாசமே காலி பண்ணணும். சொல்லிட்டேன்."

மாமா ஒயரை வெளியே இழுத்தார். அதில் மெரூன் நிறத் துணிப் பட்டை ஒன்று பசை தடவி, ஓரம் பிசிறில்லாமல் சுற்றியிருந்தது. டார்ச் வெளிச்சம் ஆடியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பா பைண்டிங் கடையில் வேலை பார்த்தார். என் நோட்டுகளின் முதுகில் ஒட்டியிருந்ததும் அதே துணிதான்.

"மாமா, இது நம்ம..."

மாமாவின் கை என் உச்சந்தலையில் விழுந்து அழுத்தியது. வலித்தது. அவர் துணியைப் பார்த்தார். டார்ச் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அம்மா இறுக்கிக்கொண்டதில் தங்கை சிணுங்கினாள்.

"பழைய வேலைம்மா," என்றார் மாமா. "வீடு கட்டும்போதே எவனோ பண்ணது. மக்கிப் போயிருக்கு." துணியை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மக்கினதா? எங்க, காட்டு."

"அத விடுங்க. உங்க வீட்டுக் குழாயும் இதே பைப்புலதான் வருது. பியூஸைப் போட்டுட்டு கீழ வந்து டெஸ்டர் வெச்சுப் பாக்கட்டுமா?"

ஓனரம்மா ஈரத்தரையிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தார். "எல்லாத்தையும் சரியா பண்ணிட்டுப் போப்பா," என்று இறங்கிவிட்டார்.

மாமா மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் பாதியாகிவிட்டது. அவ்வளவு சத்தம் போட்டவர், ஓனரம்மாவைக் கண்டதும் பயந்து பொய் சொல்லிவிட்டாரே! துணி புத்தம் புதிதாக இருந்ததை நானே பார்த்தேன்.

மாமா வேலையைத் தொடர்ந்தார். புது ஒயர் இழுத்து, பியூஸைப் போட்டு, டெஸ்டரைக் குழாயில் வைத்தார். எரியவில்லை. அப்படியும் அம்மா கிட்டே போகவில்லை. அப்பாதான் போய்க் குழாயை முழுக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தேவைக்கு மேலேயே நின்றார்.

மாமா கிளம்பும்போது அவருடைய சாமான் பையை அப்பா எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை கையில் யாரும் பையைக் கொடுக்க மாட்டார்கள். மாமா பதறிப்போய், "குடுங்க மாப்ள, பஸ் ஸ்டாப் இங்கதான இருக்கு," என்று பிடுங்கப் பார்த்தார். அப்பா கொடுக்கவில்லை. இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பை கனம், மாமாவுக்குக் களைப்பு, அதற்காகத்தான் அப்பா தூக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.