எங்கள் லைனின் ரத்தக்காட்டேரி

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம். மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, பொரியும் சுண்டலும் கொடுப்பதற்கு முன்னால், கேண்டீன் ஹாலில் ஒவ்வொரு லைனும் ஏதாவது நிகழ்ச்சி நடத்த வேண்டும். வழக்கமாக எங்கள் லைன் பெண்கள் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு இறங்குவோம். அந்த வருடம் குறும்படம் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ரத்தக்காட்டேரி படம், ஆனால் சிரிப்புப் படம். கதையை நானே எழுதுகிறேன் என்றதும் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்பா செத்த வருடம் அது.

வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுவது எங்கள் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் கேட்டுக்குப் போன் செய்வார்கள், செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் சொல்வார், சூப்பர்வைசர் நம்மிடம் சொல்ல வேண்டும். அன்று காலை டீ நேரத்துக்கு முன்னாலேயே என் தம்பி கேட்டுக்குப் பேசிவிட்டான். அப்பாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அக்காவை உடனே அனுப்புங்கள் என்று. லைனில் அன்று ஆள் குறைவு. சூப்பர்வைசர் என் பின்னால் நாலைந்து தடவை வந்து நின்றார், "கைய வேகமா போடும்மா" என்றார், போனார். ஷிப்ட் முடிந்து நான் கையுறையைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வீட்ல இருந்து போன் வந்துச்சு. ஷிப்ட் முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "மத்தியானம் வரைக்கும் உன்னையத்தான் கேட்டுட்டே இருந்தாரு" என்றான் தம்பி.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் "பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் விசாரிப்பார்கள், சூப்பர்வைசர் ஒரு சாரி சொல்வார், அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அவருடைய சாரி வேண்டாம். அந்த ஆள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து குறுகிப்போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. என் பக்கத்து டேபிள் அக்கா கன்னடக்காரர். நான் நினைத்ததைக் கேட்டுவிட்டு "பிட்பிடு, அவன்கிட்ட நமக்கென்ன" என்றார். விட்டுவிடச் சொல்கிறார். நான் விடுகிற ஆளா?

கதை இதுதான். பகலில் வெளியே தலைகாட்ட முடியாத ரத்தக்காட்டேரி ஒன்று, கம்பெனிக்குள் வெயில் வராது என்று கேள்விப்பட்டு வேலைக்குச் சேர்கிறது. உயிர் இல்லாத விரல் என்பதால் வருகைப்பதிவு மிஷின் அதை ஏற்றுக்கொள்ளாது. நுழைவாயிலில் தொப்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஆளுயரக் கண்ணாடி வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் அதற்கு உருவமே தெரியாது. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து தினமும் திட்டு வாங்கும். கேண்டீனில் பூண்டு ரசம் ஊற்றினால் தட்டைப் போட்டுவிட்டு ஓடும். சானமாவு காட்டுப் பக்கம் தப்பிப் போய், யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவரும். கடைசியில் எப்படியோ சூப்பர்வைசர் ஆகி, லைன் முழுக்க ரத்தம் குடிக்கும்.

காட்டேரி வேஷம் அந்தக் கன்னட அக்காவுக்கு என்றுதான் வைத்திருந்தேன். அதற்குள் விஷயம் காதுக்கு எட்டி சூப்பர்வைசரே வந்து நின்றார். "ஹீரோ யாரும்மா?"

"காட்டேரிதான் சார் ஹீரோ."

"அப்ப நான்தான் பண்ணணும். நீங்க யாராச்சும் பண்ணா எடுபடுமா?"

எங்கள் ஊரில் எந்த விழா என்றாலும் சூப்பர்வைசர்களுக்கு முதல் மைக் வேண்டும், முதல் மாலை வேண்டும். தானாக வந்து தலையைக் கொடுக்கிறார், நான் எதற்கு வேண்டாம் என்பேன்? அந்த நிமிடமே கடைசிக் காட்சியை மாற்றிவிட்டேன்.

மத்திகிரியில் என் வாடகை வீட்டு ஜன்னல்களைப் போர்வையால் மூடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் காட்சியை எடுத்தோம். காட்டேரியிடம் போய், "எனக்கு வீட்ல இருந்து ஏதாச்சும் போன் வந்துச்சா சார்?" என்று கேட்கும் பெண் நான். அவர் வாயோரம் பீட்ரூட் சாறு வழிய, பிளாஸ்டிக் பல்லோடு என்னைப் பார்த்துச் சொன்னார். "வந்துச்சு. ஷிப்ட் முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

சொல்லும்போது திணறுவார், முகம் மாறும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. தங்குதடையில்லாமல் சொல்லி முடித்து, பல்லைக் கழற்றி, "ஓகேவாம்மா? இன்னொரு தடவ பண்ணட்டுமா?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு நினைவே இல்லை. அதுவரை இருந்த கோபமெல்லாம் இந்தக் கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆயுத பூஜையன்று முன் வரிசையில் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்திருந்தார். ஹால் குலுங்கிச் சிரித்தது. யானைக் காட்சிக்கு விசில் பறந்தது. அவர் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசிக் காட்சியிலும் முதலில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். எங்கள் லைன் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து திரையில் நான் லாக்கரைத் திறந்து போனை எடுக்கிறேன். தம்பி, தம்பி, தம்பி என்று திரை நிறைய எடுக்காத அழைப்புகள். அது என் சொந்த போன். அன்று வந்த அழைப்புகளை நான் அழிக்கவே இல்லை. மேலே அப்பா செத்த தேதியும் தெரியும்படிதான் எடுத்திருந்தேன்.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் சூப்பர்வைசர் திரும்பினார். எங்கள் லைன் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி குனிந்து காதில் ஏதோ கேட்டார்.

பொரி கொடுக்கும் இடத்தில் என்னிடம் வந்தார்.

"படத்துல வந்தது நெசமா நடந்ததா? அந்தப் பொண்ணு நீயாம்மா?"

"ஆமா சார். எங்கப்பா செத்த அன்னைக்கு."

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா."

"இனிமே இருக்கும் சார்" என்றேன்.