மறியல் நாளில் ஏரிக்கரைத் தட்டான்கள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவருக்குக் கல்வராயன் மலையில் வாத்தியார் வேலை. முதல்முதலாக என்னை அங்கே அழைத்துப் போன அன்று, எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை வண்டி நகராது என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் நிழலில் துண்டை விரித்தார்.

அதுவரை நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. வேர்க்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்பார். நான் தலையாட்டுவேன்.

ரோட்டை ஒட்டி ஏரி. கரையோரக் கோரையின் மேல் தட்டான்கள் பறந்துகொண்டிருந்தன. கல்லூரியில் விலங்கியல் படித்த நாளிலிருந்தே எனக்குத் தட்டான் பைத்தியம். எங்கே தண்ணீரைக் கண்டாலும் தேடத் தொடங்கிவிடுவேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கோரைக்குள் போய்க் குனிந்துகொண்டேன்.

மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒன்று. இறக்கையெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக, வண்ணத்துப்பூச்சியோ என்று ஏமாறவைக்கும் இன்னொன்று. நிமிர்ந்தால், அவர் கரைமேல் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாதபடி கையை அகட்டிக்கொண்டு வேறு. சற்றுப் பொறுத்துத்தான் எனக்கு விளங்கியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏங்க, இங்க வாங்க. தட்டான் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் திரும்பவில்லை. “நெஜமாவா?”

“நெஜமாத்தாங்க.”

வெட்கத்தோடு இறங்கி வந்தார். “நான் வேற இன்னாவோன்னு நெனச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

மறியலில் உட்கார்ந்திருந்த ஒருவர், கணவர் முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்து, புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்குள் ஏதாவது தகராறோ என்று எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “மதகாண்ட போங்க, அங்கதான் ஜாஸ்தி” என்று அவரே முன்னால் நடந்தார்.

மதகருகே ஒரு பெண் தட்டான் வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது. முட்டையிடுகிறது என்றேன்.

“வாலால தண்ணி குடிக்குதுன்னு இல்ல இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தேன்” என்றார் கணவர். யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமாம். கூட வந்தவர் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

இருட்டுவதற்குள் மரத்தை ஒதுக்கினார்கள். கள்ளக்குறிச்சி வரை இருவரும் பேசிக்கொண்டே போனோம். மலையில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அடுப்பு மூட்டும்போதே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ஓடைக்குப் போலாமா? அங்க வேற ரகம் இருக்கும்.”