நான் ஏற்றிய சிவப்பு

“...அந்தச் சிவப்புக் கோடு நான் பூசினது தம்பி. இது அவர்ர படகுதான். இனி நான் இத்தா இரிக்கணும்,” என்றார் நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அந்த அக்கா, என் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய கணவர் கல்முனைக் கடலுக்குப் போய் எட்டு மாதம். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. மௌத்து, அதாவது மரணம், உறுதியானால்தான் விதவையாக இத்தா என்னும் துக்கக் காலம் இருக்கலாம்; அவர் மனைவிக்கும் விதவைக்கும் நடுவில் நின்றார்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். கடலில் முக்குளிக்கும் நண்பன், அடியில் கிடந்த ஒரு படகைப் படம் பிடித்து வந்தான். “எல்லாம் ஒரே நீலமாக் கிடக்கு. பொம்புளைக்குப் போடுற மேக்கப்பப் போடு மச்சான்,” என்று சிரித்தான். ஆழத்தில் முதலில் மறைவது சிவப்பு. அதனால் சிவப்பைக் கூட்டினேன். படகிலிருந்த கோடு மட்டும் நிறம் பிடிக்கவில்லை. அவர் படகில் சிவப்புக் கோடு இருக்கும் என்று ஊரார் சொன்னது நினைவுக்கு வர, அதைத் தனியாகப் பிரித்து நானே சிவப்பாக்கினேன். உதவி என்று எண்ணி, ராத்தாவையும் வரச் சொன்னேன்.

திரையைப் பார்த்து அவர் அழத் தொடங்கியதும் சொன்னேன்: “ராத்தா, அந்தச் சிவப்பு கம்ப்யூட்டர்ல நான் போட்டது.”

நண்பன் எடுத்தபடியே இருந்த வீடியோவைக் காட்டினேன். நீலத்துக்குள் ஒரு கறுத்த கோடு.

“இது கறுப்பாவும் இரிக்கலாமா?”

“ஓம் ராத்தா. பச்சையாவும் இரிக்கலாம்.”

“அப்ப ஒண்டும் தெரியா.”

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்றிருந்தேன். அவருக்கு எட்டு மாதம் கழித்துக் கிடைத்த அழுகையையும் நானே பறித்துக்கொண்டேன். இன்றும் சிவப்பைக் கூட்டும்போது கை நின்றுவிடுகிறது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் கடையில் நின்று, கணவரின் நம்பர் கட் ஆகிவிடக் கூடாதென்று, அதற்கு ரீலோட் போட்டார்.