நான் வென்ற பந்தயம்

எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் நானும் அக்காவின் கணவரும் ஒரே படகில்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போவோம். அன்று மாலை அத்தான் வலையை இழுக்க, நான் எஞ்சினைப் பிடித்திருந்தேன். மறுகையில் போன். கிரிக்கெட் பந்தயச் செயலியில் பணம் கட்டியிருந்தேன். கடைசி ஓவர் போய்க்கொண்டிருந்தது.

"எஞ்சினை நிப்பாட்டடா!" என்று அத்தான் கத்தியது காதில் விழுந்தது. இந்த ஒரு பந்து முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் வலைக்கயிறு தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் சுற்றி, அவருடைய கையையும் சேர்த்து இறுக்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வெளியே காத்திருந்தபோது போனை எடுத்துப் பார்த்தேன். நான் வென்றிருந்தேன். ஒரு கணம் மனம் துள்ளியது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அத்தான் அக்காவிடம், "அவனை ஏசாதை, கயிறுதானே சிக்கினது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மேட்ச் பாத்தனியெல்லோ, ஆர் வெண்டது?" என்று கேட்டார்.

"தெரியாது அத்தான்."

செயலியை அழித்துவிட்டேன். நான் சும்மா ஆட்டம் பார்த்ததாகவே அவர் இன்னும் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கலைக்கும் துணிவு எனக்கு வரவில்லை.