பீட்ரூட் வயலுக்குப் போனவர்களின் நாற்காலிகள்

பள்ளிக்கூடம் தொடங்குமுன் பெற்றோரை எல்லாம் மாதா கோயில் கூடத்துக்கு அழைத்து, அவரவர் பிள்ளையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மெக்சிகோவில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பேனாவை விரலில் உருட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியைத் தொடங்கும் கிரேசியேலா அல்மான்சா அதைப் பார்த்தாள்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பேனாவ எல்லாம் மூடி வைங்க. வாயால சொல்லுங்க, எனக்குக் கேட்டாத்தான் மனசுல நிக்கும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

டெக்சஸின் தென்கோடியில் ஆற்றோரத்து ஊர் எங்களுடையது. அவள் அரசுப் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தினாள். நன்றாகப் படித்த பிள்ளைகளையே மறுவருடம் ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையில் பார்த்து மனம் பொறுக்காமல் வேலையை விட்டாள். இல்லாதவர் பிள்ளைகளைக் கல்லூரிக்கென்றே தயார் செய்யும் பள்ளி ஒன்றை, கட்டணம் இல்லாமல், தானே தொடங்க நினைத்தாள். மாநிலத்திடம் அனுமதி வாங்க அலையாய் அலைந்தாள். பாதிரியார் கூடத்தைக் கொடுத்தார். ஞாயிறு பூசைக்குப் பின் அங்கே காலை உணவு உண்டு என்பதால் வெள்ளிதோறும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவோம். திங்களன்று பிள்ளைகளுக்குச் சமைக்க நான் சமையலறையைத் திறப்பதற்குள் அவளே எல்லாவற்றையும் விரித்துவிட்டிருப்பாள். எதிலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடும் நின்றபடிதான்.

கல்லூரிப் படிப்புக்கு நாள் போதாது என்று ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மணி அடித்தாள். பாதி நாற்காலி காலி. அக்டோபர் கடைசியில் மாநிலத்திலிருந்து ஆள் வந்து பிள்ளைகளை எண்ணுவார். குறைந்தால் அனுமதி போய்விடும். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சன்னல்களில் எல்லாம் பலகை அடித்திருந்தது. மூன்றாவது வீட்டுப் பலகையில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

எங்கள் சனங்களில் பாதிப்பேர் வடக்கே மின்னசோட்டாவுக்கு சர்க்கரை பீட்ரூட் வேலைக்குப் போய் அக்டோபரில்தான் திரும்புவார்கள். அரசுப் பள்ளியில் பிள்ளைகள் அப்போது வந்து சேர்ந்துகொள்வார்கள், யாரும் கேட்பதில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"எங்கப்பாவும் இப்படித்தான் பலகை அடிச்சுட்டுக் கிளம்புவாரு. பின்சீட்டுல உக்காந்து போனவ நானு. எப்படிக்கா மறந்தேன்?" என்றாள்.

காலி இடங்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லி மாநில அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. காத்திருந்தவர்களும் உண்டு. கூட இருந்த இரண்டு ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். நானும்தான்.

"அனுமதி போச்சுன்னா என் மக யதீரா எங்க போவா மிஸ்?"

"அது ஆளில்லாத நாற்காலி இல்லக்கா. ஆளு வேலைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்."

செப்டம்பரில் புத்தகப் பெட்டிகளோடு அவளே வடக்கே போய்விட்டாள். வயலிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கூலிக் குடியிருப்பிலேயே பாடம். இங்கே திங்கள்தோறும் எல்லா நாற்காலிகளையும் நான் விரித்தேன். அங்கே மழை பிடித்துக்கொண்டது, சேற்றில் வண்டி இறங்கவில்லை, அறுவடை தள்ளிப்போகிறது என்று சேதி வந்தபடி இருந்தது. இடையில் விட்டு வந்தால் கடைசிக் கூலி கிடைக்காது. அதனால் சீக்கிரம் வாருங்கள் என்று அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மழைக்குத்தான் வேண்டுவோம். வாழ்நாளில் முதல்முறையாக, மழை நிற்கவேண்டுமென்று குவாதலூப்பே மாதாவுக்கு ஜெபமாலை சொன்னேன். ஜெபத்திலும் மனம் நிலைகொள்ளாமல் வாசலுக்கே போய்வந்தது.

எண்ணுகிற நாளுக்கு முந்தின மாலை, சேறு அப்பிய வண்டிகள் கோயில் முற்றத்தில் வந்து நின்றன; கிரேசியேலாவின் வண்டியும் அவற்றில் ஒன்று. முதலில் இறங்கியவர் ரெஃபூஹியோ காந்து, நான்கு பிள்ளைகளின் தகப்பன். "அந்தப் பீட்ரூட்டயும் உங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கங்க மிஸ். மண்ண விட்டு வரமாட்டேங்குது, உங்களாட்டம் அம்புட்டுப் பிடிவாதம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு குடும்பம் மட்டும் இன்னும் வழியில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளையின் நாற்காலியையும் அவள் மடக்க விடவில்லை. மாநிலத்திலிருந்து வந்தவர் எண்ணிப் பார்த்து, போதும் என்றார்.

யதீரா கல்லூரிக்குப் போன வருடம் கிரேசியேலாவும் கிளம்பினாள். மேற்கே வேறொரு ஊரில் இன்னொரு பள்ளி தொடங்கவேண்டுமாம். மொச்சை வைத்து தாக்கோ ரொட்டி சுருட்டிக் கொடுத்தேன். வண்டி உறுமிக்கொண்டிருக்க, கதவருகே நின்றபடியே தின்றாள். கர்த்தர்கூட ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், ஒரு நிமிடம் உட்காருங்களேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

"எனக்கும் ஒண்ணு விரிச்சு வைங்கக்கா. வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."