கூடுதலாக வந்த அறுபது மீட்டர்

நில அளவைத் துறையில் முப்பது வருஷமாக அளவுநாடாவும் கையுமாக அலைந்தவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய கணவரே "டேப் அக்கா வந்தாச்சா?" என்று கிண்டலடிப்பார். ஒரு சாண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளப்பாள். அப்பேர்ப்பட்டவள், ஓய்வுபெற இரண்டே மாதம் இருக்கையில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

கடலோர அலையாத்திக் காட்டை அளந்தால், பழைய வரைபடத்தைவிட அறுபது மீட்டர் கூடுதலாக வந்தது. மூன்று தடவை அளந்தும் அதே கதைதான்.

"நிலம் என்னம்மா, குட்டியா போடும்?" என்று அதிகாரி எரிந்து விழுந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா தப்பா அளந்தீங்கன்னு ஃபைல்ல எழுதிடுவேன்."

அவள் பழைய கோப்பைப் பிரித்தாள். அந்தப் பழைய வரைபடமும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் போட்டதுதான். காட்டுக்கு நேரே 'உதவாத நிலம்' என்று எழுதியவளும் அவளே. சேறும் கொசுவும், வேறென்ன எழுதுவது! அன்று முழங்கால் தண்ணீரில் நின்று கரையோரம் ஓர் எல்லைக்கல் நட்டிருந்தாள். இப்போது கரையோரம் எங்கு தேடியும் அதைக் காணோம். அலை இழுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை, படகுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பழைய அளவுப்படியே சாலையிலிருந்து நாடாவை இழுத்துப் போனாள். அளவு நடுக்காட்டில் முடிந்தது. அங்கே, வேர்களின் பிடியில், அவள் செதுக்கிய எண்ணோடு நின்றது கல். கடலோ இன்னும் அறுபது மீட்டர் தள்ளி!

"ஆத்துல வர்ற மண்ணை இந்த வேரெல்லாம் புடிச்சு வெச்சுக்கும் அக்கா," என்றார் படகுக்காரர். "அங்க பாருங்க, விதை மரத்துலயே முளைச்சிருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நீளமான ஒரு முளை கிளையிலிருந்து கழன்று சேற்றில் குத்திட்டு நின்றது.

"அடேயப்பா!" சேறு, நண்டு, ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிய வேர்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மெய்சிலிர்த்தது, கண் கலங்கியது. "இதையா நான் உதவாததுன்னு எழுதினேன்?"

மறுநாள் கல்லின் படத்தை அதிகாரி முன்னால் வைத்தாள்.

"அப்ப அளவு?"

"சரிதான் சார். குட்டி போட்டிருக்கு."

அவர் கல்லின் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. பழைய வரைபடத்தை வாங்கி, 'உதவாத நிலம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தாள். பக்கத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதி, கையெழுத்திட்டாள்.