ஓட்டைப்பல் சிட்டு

எங்கள் கட்டிடத்தின் கீழ் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் டீச்சரிடம் பதின்மூன்று வயதுப் பேய் ஒன்று இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பதுதான் இந்தக் கட்டிடத்து வழக்கம். கழிப்பவர்கள் வேறு கதையில் கழித்துக்கொள்ளட்டும், இதில் கை வைக்க வேண்டாம். பேயின் பெயர் சிட்டு. இரட்டைச் சடை, இடது கண்ணுக்குக் கீழே மச்சம், மேல்வரிசையில் நடுப்பல் ஒன்று காணாமல் போன சிரிப்பு. அதைப் பெற்று வளர்த்தவள் டீச்சரேதான்.

பள்ளிக்கூடத்தில் அவளை ஆன்டிவைரஸ் என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அது தெரிந்தும் தெரியாதவள் போலத் திரிவதில் அவளுக்குத் தனி ருசி. அவளுடைய கம்ப்யூட்டர் அறையில் வெயில் திரையில் அடிக்கக் கூடாதென்று எந்நேரமும் திரைச்சீலை இழுத்து விடப்பட்டிருக்கும். தேய்ந்து எழுத்து அழிந்த கீபோர்டுகள், முக்கி முனகிச் சுற்றும் ஒரு மின்விசிறி, வாசலில் குவியலாகக் கிடக்கும் செருப்புகள். வகுப்பு முடிந்ததும் மவுஸ்களை எல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே பிள்ளைகளை வெளியே விடுவாள்.

இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். புத்தகத்தில் இருந்ததை வாசித்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தெரியாதவரோடு பேசாதே, படம் போடாதே, முகவரி சொல்லாதே என்பதெல்லாம் அவர்கள் காதுக்குப் பல் தேய்க்கச் சொல்வது போலத்தான் இருந்தது. அப்போதுதான், தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, சிட்டுவை உருவாக்கினாள். நாய்க்குட்டி பிடிக்கும், படம் வரையப் பிடிக்கும், சாயங்காலத்தில் வீட்டில் தனியாக இருப்பாள் என்று எழுதி இணையத்தில் ஒரு கணக்குத் தொடங்கினாள். முகத்துக்குத் தன்னுடைய பழைய போட்டோவையே போட்டாள்.

லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "உன் போட்டோவையா போடுற?"

"பின்ன? அடுத்தவங்க பிள்ளை போட்டோவைப் போட்டா பாவம் இல்லையா? இது என் மூஞ்சி, என் பல்லு."

"இல்லாத பல்லு."

"சிரிக்காதீங்க. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா? வளர்ந்து, குண்டாகி, உங்களைக் கட்டிக்கிட்டு ஆயுள் தண்டனை அனுபவிக்கிறா. இனிமே அவளை யாரு என்ன பண்ணிட முடியும்?"

பள்ளிப் படிக்கட்டில் உருண்டு விழுந்து போன பல் அது. இப்போது அந்த இடத்தில் கழற்றி மாட்டும் பொய்ப்பல் ஒன்று இருக்கிறது. அது கணவருக்கும் பல் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். என் வீட்டு பிஸ்கட்டில் ஒரு நாள் அது மாட்டிக்கொண்டு வந்ததால் எனக்கும் தெரியும்.

சிட்டு வலைக்குள் போன வேகத்தில் கடிதங்கள் பறந்து வந்தன. டீச்சர் எதற்கும் பதில் போடமாட்டாள். அப்படியே வகுப்பறைச் சுவரில் பெரிதாகக் காட்டுவாள். 'ஹாய் அழகி', 'ஓட்டைப்பல் ரொம்ப க்யூட்', 'நீ மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல', 'தனியாவா இருக்க?', 'வீட்ல சொல்லாத, அவங்களுக்குப் புரியாது'. முதல் கடிதத்துக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போகப்போகச் சிரிப்பு அடங்கி, மின்விசிறியின் முனகல் மட்டும் கேட்கும்.

"இதை எழுதினது யாரு? பையனா, ஆளா, கிழவனா?"

"தெரியாது டீச்சர்."

"எனக்கும் தெரியாது. அவ்ளோதான் பாடம். போய்ச் செருப்பைப் போடுங்க."

வருடா வருடம் இப்படியே நடந்தது. சிட்டுவுக்கு மட்டும் வயதே ஏறவில்லை.

அப்புறம் ஒரு வருடம் வாயாடி வந்து சேர்ந்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லுகிற பெண் என்பதால் வகுப்பே வைத்த பெயர் அது. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்த வாயாடி கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். போனைக் கவிழ்த்தே வைத்தாள். தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

"என்ன வாயாடி, வாய்க்குப் பூட்டு போட்டாச்சா?" என்று டீச்சர் வராந்தாவில் மடக்கினாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

விடைத்தாள் கட்டு கை நிறைய இருந்தது. அதற்கு மேல் டீச்சர் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், கடைசி பீரியடில், அந்த வகுப்புக்குச் சிட்டு பாடம். திரைச்சீலை இழுபட்டது. சுவர் நிறையச் சிட்டு சிரித்தாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நடு வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. வாயாடி எழுந்து நின்றாள்.

"இது மைனா."

"யாரு?"

"என் ஃப்ரெண்ட் மைனா. அவ போட்டோவை ஏன் டீச்சர் இங்க போட்டிருக்கீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "இல்லம்மா," என்றாள் டீச்சர். "அப்படி ஒரு பொண்ணே கிடையாது. பாடத்துக்காக நான் உருவாக்கினது."

"பொய்! நேத்துகூட என்கிட்ட பேசினா. சைக்கிள்ல இருந்து விழுந்து பல்லு போச்சு அவளுக்கு. அவங்க அம்மாவும் நைட் டூட்டி. எல்லாம் எனக்குத் தெரியும். என் போனைப் பாத்தீங்களா நீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சரின் நாக்கு தானாகவே போய்ப் பொய்ப்பல்லைத் தொட்டது. அவளுடைய முகத்தை யாரோ எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வேறு பெயர் வைத்து, வேறு கதை கட்டி, தன் வகுப்புப் பெண்ணோடேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் இருந்தவள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். தன் சிறுவயது முகத்தைப் பார்த்து டீச்சர் பயந்தது அன்றுதான்.

மணி அடித்தது. வாயாடி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் கூட்டத்தை விலக்கி வாசலுக்கு வருவதற்குள் ஆளைக் காணோம். வாயாடியின் பக்கத்து இருக்கைப் பெண் டீச்சரின் காதருகே வந்தாள்.

"இன்னிக்கு அந்த மைனாவைப் பாக்கப் போறா டீச்சர். மூடிப்போன தியேட்டர் இருக்குல்ல, அங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"நீ ஓடிப்போய் ஹெச்.எம். கிட்ட சொல்லு. போலீஸுக்கு போன் பண்ணச் சொல்லு. உன்னை யாரும் திட்ட மாட்டாங்க, ஓடு!"

செருப்புக் குவியலில் டீச்சருடையது ஒன்றுதான் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. எதிரே வந்த தண்ணீர் லாரியே ஒதுங்கி வழிவிட்டதாம். ஓடிக்கொண்டே கணவருக்கு போன் போட்டாள். அவர் ஏதோ ஒரு லிப்டின் தலைமேல் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் வாயாடியோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு தியேட்டருக்கு வாங்க. உடனே!"

"என்னம்மா ஆச்சு?"

"என் மூஞ்சி ஒரு பொண்ணைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்குங்க."

இதற்கு மேல் அவளுக்கும் மூச்சு வரவில்லை, அவருக்கும் புரியவில்லை. ஆனாலும் மனுஷர் இறங்கிவிட்டார்.

அந்தத் தியேட்டரைப் பகலில் தாண்டிப் போகவே எனக்குப் பிடிக்காது. துருப்பிடித்த ஷட்டர், கிழிந்து தொங்கும் போஸ்டர்கள், போஸ்டர் முகங்களில் கண் இருந்த இடமெல்லாம் மழையில் கரைந்து வெறும் வெள்ளை. படிக்கட்டில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். கையில் அவளே கோத்த ஒரு மணி வளையல். தோழிக்குப் பரிசு.

டீச்சரைக் கண்டதும் வளையலைப் பைக்குள் திணித்தாள். "ஏன் பின்னாடியே வரீங்க?"

"அவ வரமாட்டாம்மா. அவ இல்ல."

"உங்களுக்கு யாரு ஃப்ரெண்டா இருந்தாலும் பிடிக்காது. எல்லாரும் ஃபிராடு, எல்லாரும் திருடன். மைனா மட்டும்தான் நான் பேசினா கடைசி வரைக்கும் கேப்பா."

டீச்சரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பாடம், புத்தகம், சுவர், புரொஜெக்டர் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டன. புழுதிக் காலோடு அவள் வாயாடியின் எதிரே மண்டியிட்டாள். வாய்க்குள் விரலை விட்டாள். பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, பதின்மூன்று வயதில் கேமராவைப் பார்த்துச் சிரித்தது போலவே சிரித்தாள்.

வாயாடி பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், மறுபடியும் மச்சத்தைப் பார்த்தாள். ஆசையாகப் பேசிய முகம் நரைத்து, வியர்த்து, மூச்சிரைக்க எதிரே உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் பின்னால் நகர்ந்து ஷட்டரில் மோதிக்கொண்டாள். தகரம் அதிர்ந்த சத்தம் காலி அரங்குக்குள்ளே எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

"சைக்கிள் இல்லம்மா," என்றாள் டீச்சர். பல் இல்லாததால் சொற்கள் காற்றோடு வந்தன. "படிக்கட்டு. நம்ம ஸ்கூல் படிக்கட்டு மாதிரிதான். நான் பண்ணின தப்பு இது. என் போட்டோவை நான்தான் வெளிய விட்டேன். எவனோ எடுத்துக்கிட்டான்."

அப்போது வாயாடியின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் அதே இரட்டைச் சடை, அதே ஓட்டைப்பல். எதிரே இருந்த வாய் மூடியிருந்தது, போனில் இருந்தவள் பேசினாள். வாயாடி வாய்விட்டுப் படித்தாள்.

"வந்துட்டியா? எனக்குக் கால் சுளுக்கிடுச்சு. என் மாமா கார்ல வராரு. ஏறிக்கோ. யார்கிட்டயும் சொல்லாத."

தெருக்கோடியில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இறங்கவில்லை. டீச்சர் எழுந்து பெண்ணைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு காரையே பார்த்தாள். அவள் கோபப்பட்டாளா, பல்லிளித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் அந்த ஓட்டைப்பல்லைப் பார்த்திருப்பான் என்று நான் சொல்வேன். தான் திருடிய முகம் வயதாகித் தெருவில் நின்று தன்னைப் பார்த்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? கார் மெல்லப் பின்னால் போய், திரும்பி, மறைந்தது.

இருவரும் எதிரிலிருந்த மருந்துக் கடைக்குள் ஓடினார்கள். கடைக்காரர் வாயாடிக்கு ஸ்டூல் போட்டார். டீச்சரின் காலையும் வாயையும் பார்த்துவிட்டு எந்த மருந்தை எடுப்பதென்று தெரியாமல் நின்றார். போலீஸ் வந்தது. நர்ஸ் யூனிஃபார்மோடு அம்மா வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். திட்டவில்லை. டீச்சர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்க போட்டோவா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் என்று டீச்சர் இன்னமும் சொல்கிறாள்.

கார் நம்பர் போலி. மைனா கணக்கு போலீஸ் தேடுவதற்குள் காணாமல் போயிருந்தது. டீச்சர் தானே சிட்டுவையும் அழித்தாள். "நீங்க உங்க கணக்கைத்தான் அழிக்க முடியும் மேடம்," என்றார் போலீஸ் அதிகாரி. "படம் யார் யார்கிட்ட இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது."

சில நாள் கழித்து வாயாடி கம்ப்யூட்டர் அறைக்கு வந்து நின்றாள். "மைனா இல்லன்னு தெரியும் டீச்சர். ஆனா அவகிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தேன். இனிமே யார்கிட்ட சொல்றது?"

டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்கிட்ட சொல்லு. அதே ஓட்டைப்பல்லுதான்."

வாயாடி சிரித்தாள். பையிலிருந்து வளையலை எடுத்து மேசைமேல் வைத்தாள். டீச்சரின் மணிக்கட்டில் அது ஏறவில்லை. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

வாயாடி இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். டீச்சரைப் பார்க்க வரும்போது படிக்கட்டில் என்னைப் பார்த்தால் நிறுத்தி வைத்துப் பேசித் தீர்க்கிறாள். டீச்சருக்குத்தான் தெளியவில்லை. பஸ்ஸில் யாராவது பெண் போனைப் பார்த்துச் சிரித்தால் எட்டிப் பார்க்கிறாள். தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பல் மாட்டாமல் முகம் பார்ப்பதில்லை. இந்நேரம் எந்த ஊரில், எந்தப் பெண்ணோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேனோ என்கிறாள். ஆறுதலாக ஒரு புளுகு விடலாமென்று வாயைத் திறப்பேன். எனக்கே ஒன்றும் வராது.

பாடத்தை மட்டும் அவள் நிறுத்தவில்லை. வருடா வருடம் எட்டாம் வகுப்பு வந்து உட்காரும். திரைச்சீலையை இழுப்பாள். சுவரில் அந்தப் போட்டோ. அதன் பக்கத்தில் போய் நின்று, பல்லைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவாள். பிள்ளைகள் அலறிச் சிரிப்பார்கள்.

"இது நான்தான். வேற யாரும் இல்ல. இந்த மூஞ்சி உங்க யாரோடயாவது பேசியிருக்கா? கோவிச்சுக்க மாட்டேன். வீட்டுக்குப் போட்டுக்கொடுக்க மாட்டேன். கையை மட்டும் தூக்குங்க."

சிரிப்பு அடங்கும். மின்விசிறி முனகும். யாரும் தூக்காத வருடம் அவள் பல்லை மாட்டிக்கொண்டு மவுஸ்களை எண்ணத் தொடங்குவாள். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவாள்.

இந்த வருடம் பல்லை எடுக்க டம்ளருக்குள் விரலை விட்டாளாம். கடைசி வரிசையில், எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு சின்னக் கை பாதி உயரத்துக்கு எழுந்து அப்படியே நின்றது.

டீச்சர் பல்லைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அந்த வரிசையை நோக்கி நடந்தாள்.